கதவுக்குப் பின்னால்

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் மகள், துப்பாக்கிச்சூட்டுக்குப் பயிற்சி தருகிறார்கள் என்கிறாள். துப்பாக்கிக்கு முன்னால் பயிற்சி எடுபடுமா? (வாசகி, ஈரோடு)

பதில்: பல சமயம் எடுபடும். 2007 ஏப்ரலில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைச் சுட்டுக் கொன்றவன் 205ஆம் அறைக்கும் வந்தான். மாணவர்கள் மேசையைக் கதவோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். கதவைத் துளைத்துச் சுட்டும் அவனால் உள்ளே நுழைய முடியவில்லை. அந்த அறையில் ஒருவருக்கும் காயமில்லை.

பயிற்சியில் சொல்வது இதுதான்: முதலில் ஓட வேண்டும், பையை எடுக்க நிற்கக் கூடாது. வழியில்லையா, கதவை அடைத்து, விளக்கை அணைத்து, போனைச் சைலன்டில் போட வேண்டும். எதிர்த்துத் தாக்குவது கடைசி வழி. போலீஸ் வந்தால் வெறுங்கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். செல்போன்கூடக் கையில் ஆகாது. காயம்பட்டவரைத் தாண்டி ஓடுகிறார்களே என்று கோபப்பட வேண்டாம், சுடுபவனை அடக்குவதே அவர்களுக்கு முதல் வேலை. (2022இல் டெக்சாஸின் யுவால்டி பள்ளியில் நடந்த துப்பாக்கிச்சூட்டின்போது போலீஸ் அதைச் செய்யாமல் 77 நிமிடம் தாமதித்ததுதான் கொடுமை.)

வகுப்பறைக் கதவை உள்ளிருந்து தாழிட முடிகிறதா என்று மகளைப் பார்த்துவைக்கச் சொல்லுங்கள்.