சென்னையா, கோவையா? ஆஃபர் லெட்டரை எடை போடுவது எப்படி

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. கேன்டீன்ல இப்ப ரெண்டே கேள்விதான்: "எவ்ளோ சிடிசி?", "எந்த ஊரு?" முதல் கேள்விக்கு எல்லாரும் கணக்கு போடுறோம். ரெண்டாவதுக்கு மட்டும் "சென்னைன்னா கெத்து", "கோவைன்னா நிம்மதி"ன்னு ஒரே வரியில முடிவு பண்ணிடுறோம். பல லட்சம் ரூபாயும் சில வருஷமும் இதுல அடங்கியிருக்கு. அதனால இதையும் ஒரு இன்ஜினியரிங் பிராப்ளம் மாதிரி போட்டுப் பார்க்கலாம்.

நடுத்தர நகரம்னா எது?

மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு வீட்டு வாடகைப்படி கொடுக்க நகரங்களை எக்ஸ், ஒய், இசட் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. மக்கள்தொகை 50 லட்சத்துக்கு மேல் இருந்தால் எக்ஸ், 5 முதல் 50 லட்சம் வரை ஒய், அதற்குக் கீழே இசட். சென்னை, பெங்களூரு எல்லாம் எக்ஸ். கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர் எல்லாம் ஒய். 2024 ஜனவரியிலிருந்து வாடகைப்படி எக்ஸ் நகரத்தில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், ஒய் நகரத்தில் 20 சதவீதம். அதாவது, ஊர் மாறினா செலவு மாறும்னு அரசாங்கமே ஒத்துக்குது. நம்ம ஆஃபர் லெட்டர்ல மட்டும் அந்த வரி இருக்காது; நாமதான் போட்டுக்கணும்.

படி 1: மாசக் கடைசியில மிஞ்சுறது எவ்ளோ?

உதாரணத்துக்கு, கைக்கு வர்ற சம்பளம் சென்னையில 35,000, கோவையில 30,000னு வெச்சுக்கங்க. சென்னையில சாப்பாட்டோட பிஜி 10,000, போக்குவரத்து 2,500, மத்த செலவு 6,000. மிச்சம் 16,500. கோவையில பிஜி 7,500, போக்குவரத்து 1,500, மத்தது 5,000. மிச்சம் 16,000. லெட்டர்ல 5,000 ரூபாயா இருந்த வித்தியாசம், மாசக் கடைசியில 500 ஆயிடுச்சு! இதெல்லாம் நான் போட்ட எண்கள். சீனியர்கிட்ட கேட்டு உங்க எண்களைப் போடுங்க.

ஆனா கணக்கு இங்கேயே முடியல. இன்க்ரிமென்ட் வர்றது சம்பளத்தோட சதவீதத்துல, சேமிப்போட சதவீதத்துல இல்ல. ரெண்டு ஊர்லயும் வருஷம் 10 சதவீதம் ஏறினா, அஞ்சு வருஷத்துல அந்த 5,000 வித்தியாசம் சுமார் 8,000 ஆகிடும். அடுத்த கம்பெனியும் பெரும்பாலும் "இப்போ எவ்ளோ வாங்குறீங்க?"ன்னுதான் ஆரம்பிக்கும். முதல் வருஷத்தில் கோவை சமம். போகப் போக சென்னை கொஞ்சம் முன்னால்.

படி 2: நேரத்துக்கும் விலை போடுங்க

தாம்பரம் தாண்டி ரூம், ஓஎம்ஆர்ல ஆபீஸ்னா போக வர மூணு மணி நேரம் ஆகலாம். மாசம் 22 நாள் வேலைன்னா 66 மணி நேரம். கோவையில சரவணம்பட்டி பக்கமே ரூம் எடுத்து, நாளுக்கு ஒரு மணி நேரம்னா 22 மணி நேரம். வித்தியாசம் 44 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளா பார்த்தா அஞ்சரை நாள்! அதுல கேட் படிக்கலாம், ஒரு கோர்ஸ் முடிக்கலாம், தூங்கவும் செய்யலாம்.

இதுக்கும் மறுபக்கம் இருக்கு. சென்னையில புறநகர் ரயில் இருக்கு, 2015லேர்ந்து மெட்ரோவும் ஓடுது. கோவையில மெட்ரோ கிடையாது. டவுன் பஸ் கிடைக்காத நேரத்துல டூவீலர்தான், அதோட இ.எம்.ஐ.யையும் செலவுல சேர்க்கணும். அப்புறம், நடுத்தர நகரம் எப்பவும் காலியாவே இருக்கும்னு நினைக்காதீங்க. அவிநாசி ரோட்டுக்கே 10 கி.மீ. நீளத்துக்கு மேம்பாலம் தேவைப்பட்டது; 2025ல திறந்தாங்க.

நைட் ஷிஃப்ட் இருக்கிற தோழிகள் தனியா ஒண்ணு கேட்டுக்கணும்: கம்பெனி கேப் வீட்டு வாசல் வரைக்கும் வருமா, பிஜி கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க? சம்பளத்தைவிட இந்த ரெண்டு பதில் முக்கியமாகிற நாட்கள் வரும்.

படி 3: ரெண்டாவது வேலை எங்கே?

நாம பெரும்பாலும் மறக்கிற கேள்வி இது. முதல் வேலை கைல இருக்கு, சரி. அது சரிப்படலைன்னா? புராஜெக்ட் முடிஞ்சு பெஞ்ச்ல உட்கார வெச்சா? சென்னையில கிண்டி, தரமணி, சிறுசேரி, அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர்னு வேலை பரவிக் கிடக்கு. அதிகபட்சம் ரூமை மாத்தணும், ஊரை மாத்த வேண்டாம். கோவையிலயும் விளாங்குறிச்சி டைடல் பார்க், சரவணம்பட்டி ஐடி வளாகங்கள் எல்லாம் இருக்கு. ஆனா உங்க ஸ்கில்லுக்கு ஆள் எடுக்கிற கம்பெனி எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. ரெண்டு, மூணுதான்னா, வேலையை மாத்துறதும் ஊரை மாத்துறதும் ஒண்ணாயிடும்.

இந்த எண்ணிக்கை டிபார்ட்மென்ட்டுக்கு டிபார்ட்மென்ட் மாறும். மெக்கானிக்கல், டிரிபிள்ஈ ஆளுங்களுக்குக் கோவை சின்ன ஊரே இல்ல: பம்ப், மோட்டார், ஃபவுண்ட்ரி, டெக்ஸ்டைல் மெஷின்னு தொழில் குவிஞ்சிருக்கு. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கு. சின்ன யூனிட்ல சேர்ந்தா டிசைன், பர்ச்சேஸ், கஸ்டமர் கம்ப்ளைன்ட்னு எல்லாத்தையும் ஒரே வருஷத்துல தொட வாய்ப்பு இருக்கு. பெரிய கம்பெனியில ஒரே மாட்யூலைச் சுத்தி வரலாம். அதனால "ஊர் பெருசா?" என்பதைவிட "என் துறைக்கு இந்த ஊர் பெருசா?" என்பதே சரியான கேள்வி.

படி 4: மேட்ரிக்ஸ் போடுங்க

டிசைன் புராஜெக்ட்ல போடுவோமே, வெயிட்டட் டெசிஷன் மேட்ரிக்ஸ், அதேதான். ஈரோட்டுல வீடு இருக்கிற ஒரு ஐடி மாணவி போடுறதா வெச்சுக்கலாம். மொத்த வெயிட் 10, மதிப்பெண் 5க்கு.

- சேமிப்பு (வெயிட் 2): சென்னை 3, கோவை 3
- ரெண்டாவது வேலை (3): சென்னை 5, கோவை 2
- நேரம் (2): சென்னை 2, கோவை 4
- கத்துக்கிறது (2): சென்னை 3, கோவை 4
- வீட்டுக்குப் பக்கம் (1): சென்னை 2, கோவை 4

பெருக்கிக் கூட்டினா சென்னை 33, கோவை 32. சென்னை ஜெயிச்சுடுச்சா? அவசரப்படாதீங்க. அந்த மாணவியோட அப்பாவுக்கு உடம்பு சரியில்லைன்னு வைங்க. "ரெண்டாவது வேலை" வெயிட்டை 2 ஆக்கி, "வீட்டுக்குப் பக்கம்" வெயிட்டை 2 ஆக்குறாங்க. இப்போ சென்னை 30, கோவை 34. ஒரே ஒரு புள்ளியை நகர்த்தினதும் விடை தலைகீழ்!

சென்சிடிவிட்டி அனாலிசிஸ்னு படிச்சது இதைத்தான். எந்த வெயிட்டைத் தொட்டா விடை மாறுதோ, உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கு. அந்த மாணவி யோசிக்க வேண்டியது சென்னையா கோவையா என்பதை இல்ல, "அடுத்த ரெண்டு வருஷம் எனக்கு வேலைப் பாதுகாப்பு முக்கியமா, வீட்டுக்கு ரெண்டு மணி நேரத்துல போய்ச் சேர்றது முக்கியமா?" என்பதை. இதுக்கு பிளேஸ்மென்ட் ஆபீசரோ, ஹாஸ்டல் ரூம்மேட்டோ பதில் சொல்ல முடியாது.

எஜுகேஷன் லோன் இருக்கிறவங்க சேமிப்போட வெயிட்டை ஏத்துங்க. படிப்பு முடிஞ்சு பொதுவா ஒரு வருஷத்துல தவணை ஆரம்பிச்சுடும். "எங்கே போனாலும் சொந்தக்காரங்க கண்ணுல படுறேன்"னு மூச்சு முட்டுறவங்க, "என்னை யாருக்கும் தெரியாத ஊர்"னு ஒரு வரி சேர்த்துக்கங்க. அதுவும் நியாயமான அளவுகோல்தான். ஆனா ஒரு கண்டிஷன்: வெயிட்டை முதல்ல எழுதுங்க, மதிப்பெண்ணை அப்புறம் போடுங்க. மாத்திச் செஞ்சா, மனசுல ஏற்கெனவே ஜெயிச்ச ஊருக்கு நாமே மார்க் அள்ளிப் போட்டுடுவோம்.

ஒரு பேப்பர், ஒரு பேனா, அரை மணி நேரம். முடிஞ்சா வீட்ல உட்கார்ந்து, அம்மா அப்பாவையும் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் போடுங்க. அவங்க "சென்னை வேணாம்"னு சொல்றப்போ எந்த வரிக்கு எவ்ளோ வெயிட் கொடுக்கிறாங்கன்னு உங்களுக்குப் புரியும். உங்க வெயிட் அவங்களுக்கும் புரியும். சண்டை பாதி அங்கேயே முடிஞ்சுடும். மீதிப் பாதிக்கு ஆல் தி பெஸ்ட்!