மகளுக்கு வலி வந்தால்: வீட்டுப் பெரியவர்களுக்கான பிரசவப் பாடம்

உங்கள் மகளோ மருமகளோ இன்னும் சில வாரங்களில் பிள்ளை பெறப் போகிறாரா? கணவர் வேலைக்குச் சென்றிருக்கும் நேரத்தில் வலி வந்தால், அவர் பக்கத்தில் இருக்கப்போவது நீங்களாக இருக்கலாம். "அம்மா, இது வலிதானா? இப்போதே போகலாமா?" என்று அவர் உங்களைத்தான் கேட்பார்.

உங்களில் பலர் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிள்ளை பெற்றவர்களாக இருப்பீர்கள். 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. அதாவது ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேல். அன்றைக்கும் இன்றைக்கும் பிள்ளைப்பேறு ஒன்றுதான். ஆனால் மருத்துவமனையின் நடைமுறைகளும் மருத்துவ அறிவும் நிறைய மாறிவிட்டன. உங்கள் அனுபவத்தோடு இந்தப் புதிய செய்திகளும் சேர்ந்தால், தாய்க்கும் சேய்க்கும் நீங்கள் பெரிய துணையாக இருப்பீர்கள்.

குறித்த நாளும் பிறக்கும் நாளும்

மருத்துவர் சொல்லும் தேதி ஒரு மதிப்பீடுதான். அந்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்துதான். 37 வாரம் நிறைந்த பிறகு எந்த நாளும் வலி வரலாம். 37 வாரத்துக்கு முன் வலி வந்தால் அது குறைமாதப் பிரசவமாக இருக்கலாம். எவ்வளவு லேசான வலியாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தேதி தாண்டிவிட்டதே என்று விளக்கெண்ணெய் கொடுப்பது, கஷாயம் வைத்துக் கொடுப்பது போன்றவற்றைச் செய்யாதீர்கள். விளக்கெண்ணெய் வயிற்றுப்போக்கை உண்டாக்கித் தாயின் உடலிலுள்ள நீரை வற்றச் செய்யும். மூலிகைகள் சில, கர்ப்பப்பையை அளவுக்கு மீறிச் சுருங்க வைக்கலாம். வலியை வரவைக்க வேண்டிய தேவை இருந்தால், குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனித்துக்கொண்டே மருத்துவர்கள் அதைச் செய்வார்கள்.

உண்மை வலியா, பொய் வலியா?

பொய் வலி ஒழுங்கில்லாமல் வரும். சற்று நடந்தாலோ படுத்தாலோ குறைந்துவிடும். உண்மை வலி விட்டு விட்டு, ஓர் ஒழுங்கோடு வரும். நேரம் போகப்போக இடைவெளி குறையும், வலி கூடும், நீடிக்கும். எப்படிப் படுத்தாலும் அது நிற்காது. பலருக்கு இடுப்பில் தொடங்கி முன்வயிற்றுக்குப் பரவும்.

உங்கள் வேலை, கடிகாரத்தைப் பார்ப்பது. ஒரு வலி தொடங்கிய நேரத்தையும், அடுத்த வலி தொடங்கிய நேரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளைத் தாதியிடம் காட்டினால் அவருக்கு நிலைமை உடனே புரியும்.

• முதல் பிரசவம்: ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஏறத்தாழ ஒரு நிமிடம் நீடிக்கும் வலி, ஒரு மணி நேரமாகத் தொடர்ந்தால் புறப்படலாம்.
• இரண்டாவது அல்லது அடுத்த பிரசவம்: வலி ஒழுங்காக வரத் தொடங்கியதுமே புறப்படுங்கள். முதல் முறையைவிட இது வேகமாக நடக்கும்.
• முன்பு அறுவைச் சிகிச்சை மூலம் பிள்ளை பெற்றவர், இரட்டைக் குழந்தை உள்ளவர், இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்: மருத்துவர் சொல்லியிருக்கும் அறிவுரைப்படி நடக்கவும். சந்தேகம் இருந்தால் பிரசவப் பிரிவுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்.

இரத்தம் லேசாகக் கலந்த சளி போன்ற கசிவு மட்டும் இருந்தால் பதற வேண்டாம். பிரசவம் நெருங்குகிறது என்பதன் அடையாளம் அது. வலி வர இன்னும் சில மணி நேரமோ சில நாளோ ஆகலாம்.

வலி இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டிய நேரங்கள்

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான். தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

1. குழந்தையின் அசைவு குறைந்தால். "பேறு நெருங்கினால் குழந்தை அசையாது, இடம் போதாது" என்று நாம் கேட்டிருப்போம். அது சரியல்ல. அசையும் விதம் சற்று மாறலாமே தவிர, பிரசவம் வரை குழந்தை வழக்கம்போல் அசைய வேண்டும். "இன்றைக்கு அசைவு குறைவாக இருக்கிறது" என்று மகள் சொன்னால், "காலையில் பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். வயிற்றுக்குள் குழந்தை சிரமப்படுகிறது என்பதற்கு அதுவே ஒரே அறிகுறியாக இருக்கலாம். இரவானாலும் அப்போதே அழைத்துச் செல்லுங்கள்.

2. பனிக்குடம் உடைந்தால். நீர் பீறிட்டும் வரலாம், சொட்டுச் சொட்டாகக் கசியவும் செய்யலாம். சானிட்டரி பேட் வைத்துக்கொண்டு, நீரின் நிறத்தையும் உடைந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நீர் தெளிவாக இருந்தாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை வயிற்றுக்குள் மலம் கழித்திருக்கிறது என்று பொருள். தாமதம் கூடாது.

3. மாதவிலக்கு போல இரத்தம் போனால், அல்லது வயிறு விடாமல் கல் போல் இறுகி வலித்தால்.

4. கடுமையான தலைவலி, பார்வை மங்குதல், நெஞ்சுக்குக் கீழே மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல். இவை கர்ப்பகால இரத்த அழுத்தத்தின் அறிகுறிகள். தைலம் தடவிப் படுக்க வைக்கும் தலைவலி அல்ல இது. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம்.

5. காய்ச்சல், அல்லது கெட்ட வாடையுள்ள கசிவு.

995க்கு அழைக்க வேண்டிய நேரம்

வலி தொடங்கிய சாதாரண நிலையில் காரிலோ டாக்சியிலோ செல்லலாம். ஆனால் அதிக இரத்தப்போக்கு, வலிப்பு, மயக்கம், தொப்புள்கொடி வெளியே தெரிவது, குழந்தையின் தலை தெரிவது, முக்கவேண்டும் என்ற உணர்வு அடக்க முடியாமல் வருவது ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே 995ஐ அழையுங்கள். அவசர மருத்துவ வாகனம், நீங்கள் பதிவு செய்த மருத்துவமனைக்கு அன்றி, அருகிலுள்ள பொருத்தமான மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லலாம். அதைப் பற்றி வாதிட வேண்டாம்.

தொப்புள்கொடி வெளியே தெரிந்தால் அதை உள்ளே தள்ளாதீர்கள். தாயை முழங்காலும் மார்பும் தரையில் படும்படி, இடுப்பு உயர்ந்திருக்க மண்டியிட்டுக் குனிந்திருக்கச் சொல்லுங்கள்.

வாகனம் வருமுன் குழந்தை பிறந்துவிட்டால், தொலைபேசியை வைத்துவிடாதீர்கள். பேசுபவர் படிப்படியாகச் சொல்லித் தருவார். குழந்தையை இழுக்க வேண்டாம். தாங்கிப் பிடித்தால் போதும். சுத்தமான துண்டால் நன்றாகத் துடைத்து, தாயின் மார்பின் மேல் தோலோடு தோல் படும்படி படுக்க வைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். தொப்புள்கொடியை வெட்டாதீர்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

36ஆவது வாரத்துக்குள் பையைத் தயார் செய்து கதவருகே வையுங்கள். அடையாள அட்டை, மருத்துவமனைச் சந்திப்பு ஆவணங்கள், சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், முன்பக்கம் திறக்கும் சட்டை, சானிட்டரி பேட், கைத்தொலைபேசி மின்னூட்டி, குழந்தைக்கு ஒரு செட் உடை, போர்வை ஆகியவை போதும்.

பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த பழைய குழந்தைத் துணிகளை எடுக்கிறீர்களா? அவற்றோடு அந்துருண்டை வைத்திருந்தால் அவை வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டை கலந்த காற்றே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். குறைபாடு உண்டா என்பது பிறந்த பின் செய்யும் இரத்தச் சோதனையில்தான் தெரியவரும்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

பிரசவப் பிரிவில் தாதி, தாயின் இரத்த அழுத்தத்தைப் பார்ப்பார். வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனிப்பார். கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சோதிப்பார். அது 10 சென்டிமீட்டர் திறக்க வேண்டும். முதல் பிரசவத்தில் இதற்குப் பல மணி நேரம் ஆகும். ஒரு நாள் முழுதும் ஆனாலும் அது வழக்கத்துக்கு மாறானதல்ல. தொடக்க நிலையிலேயே இருந்தால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பவும் கூடும். வீண் அலைச்சல் என்று மகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். மறுமுறை வலி வரும்போது அவர் சொல்லத் தயங்கக்கூடாது அல்லவா?

வலி குறைக்க வழிகள் உண்டு: மூச்சில் இழுக்கும் வாயு, ஊசி மருந்து, முதுகில் போடும் எபிட்யூரல். "முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்புவலி" என்ற பேச்சுக்கு ஆய்வுகள் ஆதாரம் தரவில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பின் முதுகுவலி, எபிட்யூரல் போடாதவர்களுக்கும் வருகிறது. முடிவு தாயினுடையது. "நான் எதுவும் போடாமல் நாலு பெற்றேன்" என்ற சொல் அந்த நேரத்தில் அவருக்கு உதவாது.

குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கினாலோ பிரசவம் முன்னேறாமல் நின்றாலோ, மருத்துவர் கருவியின் துணையோடு குழந்தையை எடுக்கவோ அறுவைச் சிகிச்சை செய்யவோ சொல்லலாம். அப்போது நல்ல நேரம் பார்க்க இடமில்லை. சில நிமிடங்கள்கூடக் குழந்தையின் மூளையைப் பாதிக்கலாம்.

பொதுவாகப் பிரசவ அறைக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி. உங்கள் காலத்தில் ஆண்கள் வெளியே காத்திருந்தார்கள். இப்போது கணவர் உள்ளே இருப்பதே வழக்கம். யார் இருக்க வேண்டும் என்பதைத் தாயே முடிவு செய்யட்டும். நீங்கள் உள்ளே இருந்தால் இடுப்பைப் பிடித்து விடுங்கள், நெற்றியைத் துடைத்து விடுங்கள், மூச்சை மெல்ல இழுத்து விடச் சொல்லுங்கள். உணவோ பானமோ கொடுக்குமுன் தாதியிடம் கேளுங்கள்.

குழந்தை பிறந்தவுடன்

குழந்தையைத் தாயின் மார்பில் படுக்க வைப்பார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்குவது நல்லது. மஞ்சளாகக் கெட்டியாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடாதீர்கள். நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்த முதல் உணவு அது.

வைட்டமின் கே ஊசியும், காசநோய், ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசிகளும் போடப்படும். செவித்திறனும் இரத்தமும் சோதிக்கப்படும்.

நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தடவ வேண்டாம். தேனிலுள்ள கிருமி, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயைத் தரலாம். கண் மஞ்சளானால் வெயிலில் காட்டுவது சிகிச்சை ஆகாது. மருத்துவரிடம் காட்டுங்கள்.

பிள்ளை பெற்றவளையும் பாருங்கள்

வீடு திரும்பியதும் எல்லாக் கண்களும் குழந்தை மேல் இருக்கும். தாய்க்கு ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனையும் அளவு இரத்தப்போக்கு, பெரிய கட்டிகள், காய்ச்சல், கெண்டைக்கால் வீங்கி வலித்தல், மூச்சுத்திணறல் ஆகியவை இருந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். "தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கும்" என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். பால் சுரக்கும் தாய்க்குத் தண்ணீர் அவசியம். இரண்டு வாரத்துக்கு மேலும் அவர் அழுதுகொண்டே இருந்தால், அது பிடிவாதம் அல்ல, நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் பேச உதவுங்கள்.

உங்களைச் சோதித்துப் பாருங்கள்

கேள்வி 1: இரவு 2 மணி. வலி இல்லை. குழந்தை மாலையிலிருந்து அதிகம் அசையவில்லை என்கிறார் மருமகள். என்ன செய்வீர்கள்?
பதில்: விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

கேள்வி 2: பனிக்குட நீர் பச்சையாக இருக்கிறது. வலி பத்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. ஐந்து நிமிடம் ஆகும்வரை பொறுக்கலாமா?
பதில்: கூடாது. உடனே புறப்பட வேண்டும்.

கேள்வி 3: மகளுக்கு இது இரண்டாவது பிரசவம். திடீரென முக்க வேண்டும் என்கிறார். டாக்சி கூப்பிடலாமா?
பதில்: வேண்டாம். 995ஐ அழைத்து, சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும்.

மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னீர்களா? அப்படியானால் இந்தத் தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி, பிரசவப் பிரிவின் தொலைபேசி எண்ணையும் அதன் மேல் எழுதி வையுங்கள். வீட்டில் உள்ள மற்றவர்களிடமும் படித்துக் காட்டுங்கள். உங்கள் பேரப்பிள்ளை நலமாகப் பிறக்க எங்கள் வாழ்த்துகள்.