மாத்திரைப் பையும் இடுப்பெலும்பும்

பெட்டாலிங் ஜெயாவின் தாமான் ஜெயா குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கும் பெரியவர்களிடம் பிரஷர் எவ்வளவு என்று கேட்டால் எண்ணோடு பதில் வரும். எலும்பைப் பற்றிக் கேட்டால், அது பெண்களுக்கு வரும் பிரச்சினை என்பார்கள். எழுபத்தாறு வயதான என் அப்பாவும் அப்படித்தான் சொன்னார், ஒரு விடியற்காலையில் கழிவறைக்குப் போக எழுந்து தலைசுற்றி விழும்வரை. மணிக்கட்டு முறிந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பிரஷர் மாத்திரையில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது.

“மருந்தை விட்டுடட்டுமாடா?” என்றார். கூடவே கூடாது. மருந்தை விட்டால் வரக்கூடிய பக்கவாதம் எலும்பு முறிவைவிடக் கொடியது.

ஆனால் மாத்திரைப் பையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ‘நீர் மாத்திரை’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஹைட்ரோகுளோரோதையசைட் போன்றவை சிறுநீரில் கால்சியம் வீணாவதைக் குறைக்கும். கால் வீக்கத்துக்கும் இதயப் பலவீனத்துக்கும் தரும் ஃபுரோசமைட் அதற்கு நேர்மாறு. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த ஆண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. ஃபுரோசமைட் வகையை விடாமல் உட்கொண்டவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி ஆண்டுக்கு 0.78 விழுக்காடு குறைந்திருந்தது, உட்கொள்ளாதவர்களுக்கு 0.33 விழுக்காடுதான். அதற்காகத் தையசைட் எல்லாருக்கும் நல்லது என்று ஆகிவிடாது. அது உடலில் சோடியத்தைக் குறைத்தால் முதியவர் தள்ளாடுவார்.

எலும்பு தேய ஆண்டுகள் ஆகும். விழுவதற்கு ஒரு நொடி போதும். கனடாவின் ஒண்டாரியோவில் முதியவர்களிடம் நடந்த ஆய்வு 2012இல் வந்தது: பிரஷர் மருந்தைப் புதிதாகத் தொடங்கிய முதல் 45 நாட்களில் இடுப்பெலும்பு முறிவு 43 விழுக்காடு கூடுதல். முதியோர் விழுவது நம் ஊரிலும் ஆராயப்பட்ட விஷயம்தான். மலாயாப் பல்கலைக்கழகத்தினர் பெட்டாலிங் ஜெயா, லெம்பா பந்தாய் வட்டாரங்களில் 55 வயதைக் கடந்தவர்களைத் தேடிப்போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

அப்பா இப்போது எழுந்ததும் கட்டிலின் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்காருகிறார். கழிவறை வழியில் இரவு விளக்கு எரிகிறது. மருத்துவரைக் கேட்டு எலும்பு அடர்த்திப் பரிசோதனையும் செய்துகொண்டார்.

படுத்திருக்கும்போது உள்ள பிரஷரின் மேல் அளவு, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் 20 புள்ளி இறங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அடுத்த முறை கிளினிக்கில், நின்றபடியும் ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.