காதில் வலி, காரணம் கழுத்தில்!

"காது குத்துது" என்று வீட்டில் ஒருவர் சொன்னதும் நாம் என்ன செய்கிறோம்? உள்ளி தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சிக் காதில் விடுகிறோம். செவிப்பறையில் துவாரம் இருந்தால் அந்த எண்ணெயே கேடாக முடியும். அதுமட்டுமன்று, வலிக்கும் காதில் நோயே இல்லாமலும் இருக்கலாம்.

இது எப்படி என்று கேட்பீர்கள். எமது கழுத்தில் 7 எலும்புகள் உள்ளன. அங்கிருந்து 8 சோடி நரம்புகள் வெளிவருகின்றன. இவற்றுள் 2ஆம், 3ஆம் நரம்புகளின் கிளையொன்று மேலேறி, காதின் கீழ்ப்பகுதிக்கும் பின்புறத்துக்கும் தாடையின் மூலைக்கும் உணர்ச்சியைக் கொடுக்கின்றது. கழுத்தெலும்பு தேய்ந்தோ தசை இறுகியோ இந்நரம்புகள் உறுத்தப்பட்டால், வலி காதிலிருந்து வருவதாகவே மூளை எண்ணிவிடுகின்றது.

இதை அறிவது எவ்வாறு? காதில் சீழ் இல்லை, கேள்வி குறையவில்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் கழுத்தைத் திருப்பும்போது வலி கூடுகின்றது. அப்படியாயின் கழுத்தையே சந்தேகியுங்கள். எனினும், வைத்தியர் காதைப் பார்த்துச் சொன்ன பின்னரே அதை உறுதி கொள்ளவேண்டும்.

தையல் வேலை செய்வோரும், கைத்தொலைபேசியைக் குனிந்து பார்ப்போரும் இடையிடையே தலையை நிமிர்த்தி ஆறவேண்டும். உயரமான தலையணையைத் தவிருங்கள். இளஞ்சூட்டு ஒத்தடம் இறுகிய தசைக்கு இதம் தரும். சலூனில் கழுத்தை நெட்டி முறிக்க ஒருபோதும் இடங்கொடாதீர்கள். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் அதனால் காயமடையக்கூடும்.

இன்னுமொன்று முக்கியமானது. கழுத்தினுள்ளே தொண்டையும் இருக்கின்றது. தொண்டைக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்புகளின் கிளைகள் காதுக்கும் செல்கின்றன. ஆகவே தொண்டையில் தோன்றும் புற்றுநோயும் முதலில் காதுவலியாகத் தலைகாட்டலாம். வெற்றிலையோடு புகையிலை போடுவோர், சுருட்டு, சிகரெட் புகைப்போர், மது அருந்துவோர் விசேடமாக அவதானிக்கவேண்டும். ஒரு பக்கக் காதுவலி மாறாமல் நிற்க, விழுங்கக் கஷ்டம், 3 வாரத்துக்கு மேற்பட்ட குரலடைப்பு, கழுத்தில் கட்டி ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தால், தாமதியாது காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரிடம் செல்லுங்கள். தொடக்கத்தில் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம்.

ஓர் உறுப்பின் துன்பத்தில் மற்ற உறுப்புகளும் பங்குகொள்வதைப் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் எடுத்துக்காட்டினார். கழுத்தின் துன்பத்தைக் காது அறிவிக்கும்போது, அதை எண்ணெய் விட்டு மௌனமாக்காதீர்கள்.