நோயாளிக்கு முன் கட்டிக்கு மருந்து: பெருங்குடல் புற்றுநோய் ஆய்வில் ஒரு புதிய வழி

2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் சுமார் 9 லட்சம் பேர் இந்நோயால் இறந்தனர். ஒரே நோய், ஒரே நிலை, ஒரே மருந்து என்றாலும் ஒருவருக்குக் கட்டி சுருங்குகிறது. இன்னொருவருக்கு வளர்ந்துகொண்டே போகிறது. மருந்து கேட்காதவருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த அணுக்கள் குறைதல் ஆகிய பக்கவிளைவுகள் உண்டு. பணம் செலவாவதோடு, திரும்பக் கிடைக்காத காலமும் கழிந்துவிடுகிறது. எந்த மருந்து யாருக்குக் கேட்கும் என்று முன்பே அறிய முடியுமா?

பல்லாண்டுகளாக ஆய்வகங்களில் புற்றுசெல்களைத் தட்டையான கிண்ணங்களில் ஒற்றை அடுக்காக வளர்த்து மருந்தைச் சோதித்தார்கள். உடலில் கட்டி அப்படி இருப்பதில்லை. அது உருண்டு திரண்டு வளர்கிறது. ரத்தம் எளிதில் எட்டும் இடத்தில் உள்ள செல்கள் வேகமாகப் பெருகும். ஆக்சிஜன் எட்டாத செல்கள் மெதுவாகவே பெருகும். கீமோதெரபி மருந்துகள் பெரும்பாலும் வேகமாகப் பெருகும் செல்களையே தாக்குவதால் மற்றவை தப்பிவிடுகின்றன. கிண்ணத்தில் வென்ற மருந்து உடலில் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2009-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகத்தில் டோஷிரோ சாட்டோவும் குழுவினரும் எலியின் குடலிலிருந்து எடுத்த ஒரே ஒரு ஸ்டெம் செல்லை ஜெல்லில் வைத்து, குட்டிக் குடல் போன்ற அமைப்பாக வளர்த்துக் காட்டினர். இதற்கு ஆர்கனாய்டு என்று பெயர். 2011-இல் மனிதப் பெருங்குடல் புற்றுக்கட்டியின் திசுவையும் இவ்வாறு வளர்த்தார்கள். அறுவை சிகிச்சையிலோ பயாப்சியிலோ எடுத்த சிறு திசுவைப் பிரித்து, ஜெல்லில் பதித்து, ஊட்டச்சத்து நீர் கொடுத்தால் சில வாரங்களில் நுண்ணிய உருண்டைகள் உருவாகும். அந்த நோயாளியின் கட்டியில் உள்ள மரபணு மாற்றங்கள் பெரும்பாலும் அவற்றிலும் இருக்கும்.

இவை எவ்வளவு சரியாகச் சொல்கின்றன? குடல், இரைப்பைப் புற்று பரவிய நோயாளிகளிடம் லண்டனில் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. அதில் ஆர்கனாய்டில் வேலை செய்யாத மருந்து எந்த நோயாளிக்கும் பலன் தரவில்லை. வேலை செய்த மருந்து 88 விழுக்காடு நேர்வுகளில் பலன் தந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டவை 21 நேர்வுகள் மட்டுமே. 2019-இல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வில், இரினோடீகான் சேர்ந்த சிகிச்சையின் பலனை 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரிடம் சரியாகக் கணிக்க முடிந்தது. 5-ஃப்ளூரோயுராசிலும் ஆக்ஸாலிபிளாட்டினும் சேர்ந்த சிகிச்சையின் பலனைக் கணிக்க முடியவில்லை.

காரணம் உண்டு. சாதாரண ஆர்கனாய்டில் ரத்தக் குழாய்கள் இல்லை, நோய் எதிர்ப்புச் செல்களும் இல்லை. எல்லாருடைய திசுவும் வளர்ந்துவிடுவதில்லை. ஆகவே இது நம்பிக்கையூட்டும் ஆய்வுக் கருவி. இன்னும் எல்லாருக்கும் செய்யும் வழக்கமான பரிசோதனையாகவில்லை.

சகோதர சகோதரிகளே, இதிலிருந்து நாம் மூன்று விஷயங்களை மனத்தில் கொள்வோம்.

முதலாவது, "உங்களுக்கு உறுதியாகக் கேட்கும் மருந்தைச் சோதித்துச் சொல்கிறோம்" என்று யாரேனும் பெருந்தொகை கேட்டால், கடன் வாங்குவதற்கு முன் நம் புற்றுநோய் மருத்துவரிடம், "இந்த முடிவு வந்தால் சிகிச்சையை மாற்றுவீர்களா?" என்று கேட்போம். முடிவுக்காகக் காத்திருந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இரண்டாவது, ஆய்வுக்காகத் திசு கேட்டால் எதற்காக என்று விளங்கிக்கொண்டு கையெழுத்திடுவோம். கொடுப்பதும் மறுப்பதும் நம் உரிமை. நோயாளிகள் மனமுவந்து கொடுத்த திசுவால்தான் இவ்வளவும் தெரியவந்தது.

மூன்றாவது, மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் மாறிய மலப்பழக்கம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை இருந்தால் மூலம் என்று நாமே முடிவு கட்டாமல், வெட்கப்படாமல் மருத்துவரைப் பார்ப்போம். குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் இருந்திருந்தால் அதையும் சொல்வோம். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பலருக்கு அறுவை சிகிச்சையே போதும். எந்த மருந்து கேட்கும் என்று தேட வேண்டிய நிலையே வராது.