வண்டியில் இராத் தங்கலும் மின்சேமிப்பும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலுள்ள மண்டூர் முருகன் ஆலயத்தை எம்மவர் சின்னக் கதிர்காமம் என்பர். ஆவணித் திருவிழாவுக்கு முன்னோர் கூடார மாட்டுவண்டியிற் சென்றனர். வண்டியே அவர்களுக்கு வீடு. அச்சின் கீழ் அரிக்கன் விளக்கொன்று தொங்கும். எண்ணெய் தீர்ந்தால் விளக்கு அணையுமேயன்றி மாடு நடக்க மறுப்பதில்லை. இன்று நாம் வான் வண்டியிற் சென்று அதிலேயே படுத்துறங்குகின்றோம். இங்கோ விளக்கும் மாடும் ஒரே தொட்டியில் நீர் குடிக்கின்றன. அத்தொட்டிதான் பற்றரி.

இவ்வுண்மையை நாம் உணர்ந்தது ஒரு விடியற்காலையில். சில ஆண்டுகளுக்கு முன், திருவிழாவுக்குச் சென்று வண்டியிலே தங்கியிருந்தோம். குழந்தைகள் இருட்டுக்கு அஞ்சினமையால் உள்விளக்குகள் நான்கையும் இரவு முழுவதும் எரியவிட்டோம். சிறு மின்விசிறியும் ஓடியது. நான்கு மணியளவில் எம்முடன் வந்த பெரியம்மாவுக்கு மூச்சிரைப்புக் கண்டது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஓர் ஒலி, அவ்வளவே. அயலில் உறங்கியோரை எழுப்பி, மணலில் வண்டியைத் தள்ளி, இயந்திரம் இயங்க அரைமணி நேரம் சென்றது. பின்னர் வெல்லாவெளி வழியாகப் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிக்குடியை அடைந்தோம். பெரியம்மா பிழைத்துக்கொண்டார். அவ்வரைமணி நேரத்தை இன்றும் நாம் மறந்திலோம்.

கணக்கைப் பின்னரே போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு மின்குமிழும் 10 வாற்று, நான்குக்கும் 40. விசிறி 20. எட்டு மணி நேரத்தில் 480 வாற்றுமணி செலவாகியிருக்கின்றது. எமது பற்றரியோ 12 வோல்ற்று, 65 அம்பியர்மணி. புதிதாயிருந்தபோதே அதன் கொள்ளளவு 780 வாற்றுமணிதான். அதுவும் மூப்படைந்த பற்றரி. இயந்திரத்தைக் கிளப்பும் சில விநாடிகளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட அம்பியர் வேண்டும். எஞ்சிய மின்னில் அதற்கு வலு ஏது?

பெரிய பற்றரி வாங்குவதே பரிகாரம் எனப் பலர் எண்ணுவர். நாமும் அவ்வாறே எண்ணினோம். எனினும் முதலில் மாற்ற வேண்டியது விளக்கே. இழைக்குமிழ் தான் உண்ணும் மின்னிற் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகின்றது. எமது பாடநூல்கள் ஒளிகாலும் இருவாயி என்று கூறும் விளக்கு, 2 வாற்றிலேயே அதற்குக் குறையாத வெளிச்சம் தரும். (காலுதல் என்றால் உமிழ்தல்; நல்ல பழந்தமிழ்ச் சொல். கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்த விபுலானந்த அடிகள் 1892இல் காரைதீவிற் பிறந்தவர் என்பது எமக்குப் பெருமை. ஆயினும் கடையில் 'எல்.ஈ.டி. பல்ப்' என்று கேட்டால்தான் கிடைக்கும்.) நான்கு விளக்கும் எட்டு மணி நேரம் எரிந்தால் இப்போது 64 வாற்றுமணியே செலவு, முன்னர் 320.

வாங்கும்போது ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பன்னிரண்டு வோல்ற்று வண்டி என்பது பெயரளவிலேயே. இயந்திரம் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ற்றைத் தாண்டும். மலிவான குமிழ்கள் அதனைத் தாங்காது கருகும். 10 முதல் 30 வோல்ற்று வரை ஏற்பது எனக் குறிக்கப்பட்டவை நன்று. நிறத்தில் மஞ்சள் சார்ந்ததைத் தெரிக. நீலம் கலந்த வெண்மைக்கு வாவிக்கரைப் பூச்சிகள் அனைத்தும் விருந்தாக வந்துவிடும்.

அடுத்தது பற்றரி. இயந்திரத்தைக் கிளப்பும் பற்றரி, சில விநாடிக்குப் பெருமின் தருவதற்கென மெல்லிய ஈயத்தகடுகளாற் செய்யப்பட்டது. அதனை அடிமட்டம்வரை வற்றவைத்தால் சில தடவையிலேயே கெட்டுவிடும். ஆகவே வீட்டுத் தேவைக்கு ஆழ்ந்து வற்றினும் தாங்கும் வகையில் வேறொன்று வைத்தோம்: 100 அம்பியர்மணி. அதிற் பாதியையே செலவிடுவது என வரையறுத்தால் 600 வாற்றுமணி. விளக்கும் விசிறியும் ஓரிரவுக்கு 224 கேட்பதால் இரண்டு இரவுகள் தாராளமாகப் போதும். இரண்டு பற்றரிகளுக்குமிடையே றிலே எனப்படும் தானியங்கு ஆளி உண்டு. இயந்திரம் ஓடும்போது மட்டும் அவற்றை இணைக்கும். லிதியம் இரும்புப் பொசுபேற்றுப் பற்றரி எடை குறைந்தது. கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கைத் துணிந்து செலவிடலாம். ஆனால் அதற்கேற்ற மின்னேற்றும் கருவியும் வேண்டும். ஆண்டில் நாலைந்து இரவு வெளியே தங்கும் எம்போன்றோர்க்கு அச்செலவு மிகை என்பது எம் கருத்து.

பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் உருகி ஒன்றைப் பொருத்தாமல் எந்தக் கம்பியையும் இழுத்தலாகாது. கம்பி உரசித் தீப்பற்றினால் உறங்குவோர் கதி என்ன? வாவிக்காற்றில் உப்புண்டு, முனைகளில் பச்சை பூக்கும். துடைத்து வசிலீன் பூசுதல் போதுமானது. கைத்தொலைபேசிக்கு மின்னேற்ற, நேரோட்டத்தை ஆடலோட்டமாக்கி மீண்டும் நேரோட்டமாக்குவது வீண். 12 வோல்ற்றிலேயே இயங்கும் செருகி கடைகளில் உண்டு.

இம்மாற்றங்களின் பின் பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு மீண்டும் மண்டூர் சென்றோம். விளக்குகளில் ஒன்று விடியும்வரை எரிந்தது, விசிறியும் நிற்கவில்லை. காலையில் இயந்திரப் பற்றரியை அளந்து பார்த்தோம்: 12.6 வோல்ற்று.