ஒரு பானைச் சோற்றுக்கு எத்தனை சோறு பதம்?

உயர்தரத்தில் கலைப்பிரிவைத் தெரிவு செய்யும் மாணவிகளுள் பலர், சாதாரண தரப் பரீட்சையோடு கணிதம் தம்மை விட்டுப் போய்விட்டதாகவே எண்ணிக்கொள்கின்றனர். ஆனால் பல்கலைக்கழகம் சென்று முதலாம் வருட நேரசூசியைக் கையில் எடுத்ததும், அதில் புள்ளிவிபரவியல் இருக்கக் கண்டு திகைப்பவர்கள் அநேகர். முகாமைத்துவம், பொருளியல், உளவியல், விவசாயம், தாதியியல் என எத்துறையை எடுத்தாலும் ஏதோ ஒரு வடிவில் அது வந்து நிற்கும். புவியியலும் சமூகவியலும் கூட அதற்குத் தூரமானவை அல்ல. உயர்தர வர்த்தகப் பிரிவில் வணிகப் புள்ளிவிபரவியல் படித்தவர்களுக்கு ஓரளவு பழக்கம் இருக்கும். ஏனையோருக்கு அது புது முகம்தான்.

இந்த ஒரு பாடத்துக்கு அஞ்சித் தாம் விரும்பிய துறையையே கைவிடும் மாணவிகளும் உண்டு. "பிள்ளைக்குக் கணக்கு ஓடாது" என்று வீட்டில் உம்மாவோ வாப்பாவோ சொல்லிவிட்டால் அந்த அச்சம் இரட்டிப்பாகிவிடும். அப்பாடத்தில் உண்மையில் என்னதான் இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நம் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கலாம். 2001 முதல் நமது நாட்டில் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பது இசட் புள்ளியாகும். பெறுபேறு வந்த அன்று வீடு முழுவதும் அதைப் பற்றியே பேசும். அது எப்படி வந்தது என்று கேட்டால் சொல்லக்கூடியவர்கள் குறைவு. ஒரு பாடத்தில் நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து, அப்பாடத்துக்குத் தோற்றிய எல்லோரதும் புள்ளிகளின் இடையைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு மாணவி ஒரு பாடத்தில் 70 புள்ளிகள் பெறுகிறாள் என்போம். அப்பாடத்தின் இடை 60, நியம விலகல் 10. அவளது இசட் புள்ளி 1. இன்னொரு பாடத்தில் அவள் பெற்றது 58 தான். ஆனால் அப்பாடத்தின் இடை 40, நியம விலகல் 12. இப்போது இசட் புள்ளி 1.5. ஆகவே 70 ஐ விட 58 உயர்ந்து நிற்கிறது. தனியே நிற்கும் ஓர் எண்ணுக்குப் பொருள் இல்லை, அது எந்தக் கூட்டத்தின் நடுவே நிற்கிறது என்பதே அதற்குப் பொருள் தருகிறது. முதலாம் வருடப் பாடத்தின் முதற் பாதி ஏறத்தாழ இந்த ஒரே கருத்தைச் சுற்றியே நடக்கிறது.

அந்தக் கூட்டத்தைப் பிழையாக வரையறுத்தால் என்ன நடக்கும்? 2011 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் மாணவர்கள் தோற்றினர். வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடையெழுதிய இரு சாராரையும் ஒன்றாகச் சேர்த்தே இசட் புள்ளி கணிக்கப்பட்டது. விடயம் வழக்காகியது. 2012 இல் உயர் நீதிமன்றம் அக்கணிப்பைச் செல்லுபடியற்றதாக்கி, இரு சாராரையும் இரு வேறு குடித்தொகைகளாகக் கொண்டு மீளக் கணிக்குமாறு பணித்தது. 'குடித்தொகை' என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் எழுதுவது இரண்டு புள்ளி வினா என்று நினைப்போம். அந்த வரைவிலக்கணத்தில்தான் எத்தனையோ பிள்ளைகளின் பல்கலைக்கழக அனுமதி தங்கியிருந்தது.

இடை, இடையம் என்ற இரண்டும் சாதாரண தரத்திலேயே படித்தவைதாம். வேறுபாடு எங்கே பயன்படுகிறது என்பதை மட்டும் நாம் கவனிப்பதில்லை. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நடத்திய வீட்டு வருமான, செலவு அளவீட்டின்படி இலங்கையில் ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தின் இடை 76,414 ரூபா. இடையமோ 53,333 ரூபா. அதாவது நாட்டின் அரைவாசிக் குடும்பங்கள் மாதம் 53,333 ரூபாவுக்குக் குறைவாகவே பெற்றன. பெரும் வருமானம் உள்ள சில குடும்பங்கள் இடையை மேலே இழுத்துவிடுகின்றன. 'சராசரிக் குடும்பம்' என்று யாராவது மேடையில் பேசினால், எந்தச் சராசரி என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பாடத்தின் நடுப்பகுதியில்தான் பலர் தடுமாறுகின்றனர். அதுவரை கையில் உள்ள தரவுகளைச் சுருக்கிச் சொன்ன பாடம், திடீரென்று கையில் இல்லாதவற்றைப் பற்றியும் பேசத் தொடங்கும். மாதிரியைப் பார்த்துக் குடித்தொகையைச் சொல்லும் கலை அது. நம் முன்னோர் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் பழமொழிக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருக்க வேண்டும். கல்யாண வீட்டுச் சஹனில் ஓர் ஓரத்தில் மட்டும் அள்ளிப் பார்த்து இறைச்சி எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியுமா? நன்றாகக் கிளறிவிட்டு அள்ள வேண்டும். கிளறுவதற்குப் புள்ளிவிபரவியலார் வைத்த பெயர்தான் எழுமாற்று மாதிரி எடுத்தல்.

கிளறாமல் அள்ளியதற்குப் புகழ்பெற்ற உதாரணம் 1936 இல் அமெரிக்காவில் நிகழ்ந்தது. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற சஞ்சிகை ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரிகளை அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் அதிகமானோர் பதிலளித்தனர். லாண்டன் வெல்வார் என்று அது அறிவித்தது. ரூஸ்வெல்ட்டோ 48 மாநிலங்களில் 46 ஐக் கைப்பற்றினார். முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசி விபரக்கொத்திலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியலிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பொருளாதார மந்தம் நிலவிய அக்காலத்தில் அவை இரண்டும் வசதியுள்ளோரிடமே இருந்தன. பதில் அனுப்பாதவர்களின் மனநிலையும் வேறாக இருந்தது. அதே தேர்தலில் ஜோர்ஜ் கலப் சுமார் ஐம்பதாயிரம் பேரை மட்டும் கேட்டு வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். ஒழுங்காக எடுத்த ஆயிரம் பேர் கொண்ட மாதிரியே ஒரு பெரிய நாட்டின் கருத்தை ஏறத்தாழ 3 சதவீதப் பிழை எல்லைக்குள் சொல்லிவிடும். அப்பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் இரண்டாயிரம் பேர் போதாது, நாலாயிரம் பேர் வேண்டும். சூத்திரத்தில் வரும் வர்க்கமூலத்தின் வேலை அது.

கருதுகோள் சோதனையை விளங்கிக்கொள்ள ஒரு கோப்பைத் தேநீர் போதும். நவீன புள்ளிவிபரவியலை வளர்த்தெடுத்த ரொனல்ட் பிஷர் 1935 இல் வெளியிட்ட நூலில் இதை எழுதியிருக்கிறார். கோப்பையில் பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்கிறார் ஒரு பெண். (நமது உம்மும்மாமாரும் இப்படிச் சவால் விடக்கூடியவர்கள்தாம்.) எப்படிச் சோதிப்பது? எட்டுக் கோப்பைகள். நாலில் பால் முதலில், நாலில் தேநீர் முதலில். எழுமாற்றாகக் கலந்து கொடுத்து, பால் முதலில் ஊற்றிய நாலையும் பிரித்தெடுக்கச் சொல்ல வேண்டும். எட்டிலிருந்து நாலைத் தெரிவு செய்ய 70 வழிகள் உண்டு. அவற்றுள் முற்றாகச் சரியானது ஒன்றே. அவருக்கு எந்தத் திறமையும் இல்லை என்பது சூனியக் கருதுகோள். அது உண்மையாயின் குருட்டாம்போக்கில் நாலையும் சரியாகச் சொல்லும் நிகழ்தகவு 1/70, அதாவது 1.4 சதவீதம். ஆகவே அவர் முழுவதும் சரியாகச் சொன்னால் சூனியக் கருதுகோளை நிராகரிக்கலாம். மூன்றை மட்டும் சரியாக எடுத்தால்? மூன்றோ அதற்கு மேலோ சரியாகும் நிகழ்தகவு 17/70, ஏறத்தாழ 24 சதவீதம். அது தற்செயலாகவும் நடக்கக்கூடியதே. அதைக் கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பரீட்சைகளில் பலர் புள்ளி இழப்பதும் இதில்தான். 1/70 என்பது 'அவருக்குத் திறமை இல்லாதிருப்பதற்கான நிகழ்தகவு' அல்ல. 'திறமை இல்லை என்று வைத்துக்கொண்டால், இப்படியொரு பெறுபேறு வருவதற்கான நிகழ்தகவு'. இரண்டு வாக்கியங்களையும் மூன்று முறை மெதுவாக வாசியுங்கள். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளக் கணித மூளையை விட மொழியுணர்வே அதிகம் வேண்டும். தமிழ் இலக்கியம் படித்தவள் இங்கே யாருக்கும் பின்தங்கியவள் அல்லள் என்பது என் உறுதியான எண்ணம்.

இணைபு பற்றிய பகுதி இலகுவானது. குடை விற்பனை கூடும் காலத்தில் டெங்கு நோயாளரும் கூடலாம். குடை டெங்கைக் கொண்டுவரவில்லை, இரண்டையும் மழையே கொண்டுவந்தது. இதை நினைவில் வைத்தால் போதும்.

இனி ஆயத்தம். பல்கலைக்கழகம் திறக்கும்வரை கிடைக்கும் மாதங்களில் புதிய நூல் எதையும் தேட வேண்டாம். சாதாரண தரக் கணித நூலை எடுத்து மீடிறன் பரம்பல், திரள் மீடிறன் வளையி, தொடைகள், நிகழ்தகவு, மரவரிப்படம் ஆகிய அலகுகளை மட்டும் மீட்டுங்கள். பின்னமும் சதவீதமும் தடையின்றி வர வேண்டும். அடுத்தது மொழி. பல பீடங்களில் விரிவுரை ஆங்கிலத்திலேயே நடக்கிறது. விரிவுரையாளர் 'மீன்' என்றதும் சந்தை நினைவுக்கு வராமல் 'இடை' நினைவுக்கு வர வேண்டும். ஒரு கொப்பியை நடுவே கோடிட்டு ஒரு பக்கம் தமிழ்ச் சொல்லும் மறுபக்கம் ஆங்கிலச் சொல்லும் எழுதி வாருங்கள். கிரேக்க எழுத்துகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சிக்மா என்று வாசிக்கத் தெரியாமல் 'அந்த வளைந்த குறி' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பவளுக்குச் சூத்திரம் ஒருபோதும் பேசாது.

எக்ஸெல், எஸ்.பி.எஸ்.எஸ்., ஆர் போன்ற மென்பொருள்கள் ஒரு நொடியில் விடை தரும். ஆர் இலவசமாகவே கிடைக்கிறது. இருந்தாலும் ஐந்தாறு எண்களைக் கொண்டு நியம விலகலை ஒரு முறையாவது கையால் கணித்துப் பார்த்த பிறகே கணினியைத் தொடுங்கள். கணிப்பு முடிந்ததும் விடை எண்ணோடு நின்றுவிடாமல், அது எதைச் சொல்கிறது என்று ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள். அந்த வாக்கியத்தை உம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு விளங்கவில்லையென்றால் திருத்தி எழுதுங்கள்.